சட்டைப்பை நோட்டும் மைப்பேனாவும்: தாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

‘கண்ணன்’ என்ற பெயரை ஒரு மலிவான பாக்கெட் நோட்டில் மைப்பேனாவால் சிறிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். பேனா தாளைவிட்டு எழுந்த கணத்தில் எழுத்து தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று விநாடிகள் கழித்து, ககரத்தின் ஓரத்திலிருந்து பூனை மயிர் போன்ற மெல்லிய இழைகள் கிளம்பும். மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். அதன் தலைமேல் இருக்கும் புள்ளி பருத்து, கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாளைத் திருப்பினால் அதே பெயர் இடவலம் மாறி, நீலப் பொட்டுகளாக மறுபக்கத்தில் நிற்கும்.

இது பேனாவின் குற்றமன்று; பெரும்பாலும் மையின் குற்றமும் அன்று. புதிதாக மைப்பேனா வாங்கியவர்கள் பலர், எழுத்து இப்படிக் கெடுவதைக் கண்டு பேனாவை மாற்றுகிறார்கள், பிறகு மையை மாற்றுகிறார்கள், அதற்குப் பிறகும் பயனில்லாதபோது பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு பால்பாயிண்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மாற்றியிருக்க வேண்டியது தாளை. அதிலும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய நோட்டுக்குத் தாள் தேர்ந்தெடுப்பது, வீட்டு மேசையில் வைத்து எழுதும் பெரிய நோட்டுக்குத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வேறுபட்ட வேலை. மேசைக்கு மிகச் சிறந்த தாள் பைக்கு மிகச் சிறந்த தாளாக இருப்பதில்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பேனாவைப் பார்ப்போம். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப்பசை கொண்ட கெட்டியான குழம்பு. முனையில் இருக்கும் குண்டு உருளும்போது அந்தக் குழம்பு தாளின் மேல் தேய்க்கப்படுகிறது. அது உள்ளே ஊறுவதற்கு அவ்வளவாக வழியில்லை. மைப்பேனாவின் மையோ பெரும்பங்கு தண்ணீர்தான், சாயம் கரைந்த தண்ணீர். முள்ளின் நடுவே இருக்கும் மெல்லிய பிளவு வழியாக அது இறங்கி வந்து முனையில் காத்திருக்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போலவே, தாளின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் அந்த மையைத் தம்மை நோக்கி இழுக்கின்றன. பள்ளிப் பாடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்தது இதைத்தான். ஆகவே மைப்பேனாவில் எழுதும்போது எவ்வளவு மை இறங்க வேண்டும் என்பதைப் பேனா மட்டும் முடிவு செய்வதில்லை. பாதி முடிவு தாளின் கையில் இருக்கிறது.

தாள் என்பது தாவர இழைகளின் பின்னல். மரக்கூழ், மூங்கில் கூழ், கரும்புச் சக்கைக் கூழ், பருத்திக் கந்தல் என எதிலிருந்து வந்தாலும் அடிப்படையில் அது செல்லுலோஸ். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. ஒன்றும் சேர்க்காமல் அந்தப் பின்னலை அப்படியே உலர்த்தி எடுத்தால் கிடைப்பது மையொற்றும் தாள். எழுதுவதற்கான தாளாக அது மாற வேண்டுமென்றால் அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுகிறாரே, ஏறத்தாழ அதே வேலை தாள் ஆலையிலும் நடக்கிறது. நான் உவமைக்காகச் சொல்லவில்லை. இன்றைய எழுதுதாள்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் பூசப்படுவது உண்மையாகவே மாவுச்சத்துக் கஞ்சிதான். ஐரோப்பாவில் பழங்காலத்துத் தாள்காரர்கள் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் தாளைத் தோய்த்து உலர்த்தினார்கள். 1807-இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர், தாள் உருவாவதற்கு முன்பே கூழில் குங்கிலியம் போன்ற மரப்பிசினையும் படிகாரத்தையும் கலக்கும் முறையை வெளியிட்டார். அது பெரிய ஆலைகளுக்கு வசதியாக இருந்தது. இப்போது கூழுக்குள் செயற்கையான மெழுகுத்தன்மைப் பொருள்களும், மேற்பரப்பில் கஞ்சியுமாக இரண்டு அடுக்குக் காப்பு இருக்கிறது. கடைசியாகத் தாளைக் கனமான உருளைகளுக்கு இடையே செலுத்தி அழுத்துகிறார்கள். கஞ்சி போட்ட வேட்டிக்கு இஸ்திரி போடுவது என்று இதை எண்ணிக்கொண்டால் போதும்.

நம் பகுதியின் கலம்காரிக் கலைஞர்களும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்து உலர்த்திய பிறகே எழுதுகோலை வைக்கிறார்கள். பாலின் கொழுப்பு துணியில் நிற்பதால் சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் இருக்கிறது. தண்ணீர் மையைக் கொண்டு நுட்பமான கோடு போட விரும்பிய எவரும், எழுதும் பரப்பின் தாகத்தை முதலில் தணிக்க வேண்டியிருந்திருக்கிறது.

இந்தக் கஞ்சிக்கும் இஸ்திரிக்கும் செலவாகும். எல்லோரும் மை தொட்டு எழுதிய காலத்தில், மை பரவும் தாளில் செய்த நோட்டு விலைபோகாது என்பதால் ஆலைகள் அந்தச் செலவைச் செய்தே தீர வேண்டியிருந்தது. 1950-களுக்குப் பிறகு பால்பாயிண்ட் உலகெங்கும் பரவியது. எந்தத் தாளிலும் எழுதிவிடும் ஒரு கருவி எல்லோர் கையிலும் இருக்கும்போது, தாளின் தரத்தைக் குறைத்தாலும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இன்று கடையில் கிடைக்கும் மலிவான பாக்கெட் நோட்டுகள் மைப்பேனாவுக்கு ஒத்துவராததன் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அடுத்ததாக ஜிஎஸ்எம். நோட்டின் அட்டையில் 60, 70, 80, 100 என்று அச்சிட்டிருக்கும் எண், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதைச் சொல்கிறது, வேறெதையும் சொல்லவில்லை. ஒரு ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். அந்த 5 கிராமில் எவ்வளவு கஞ்சி, எவ்வளவு இழை, நிரப்புப் பொருளாகச் சேர்த்த வெள்ளைப்பொடி எவ்வளவு என்பது எண்ணில் இல்லை. ஆனாலும் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் ஜிஎஸ்எம் கூடினால் மை ஊறாது என்றே நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஒரு கடையில் ‘100 ஜிஎஸ்எம், மைப்பேனாவுக்கென்றே செய்தது’ என்று சொன்னதைக் கேட்டு மூன்று நோட்டுகளை ஒன்றாக வாங்கி வந்தேன். தாள் தடிமனாக, பஞ்சுபோல மென்மையாக இருந்தது. அந்தப் பஞ்சுத்தன்மையே அதன் குறை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மை மறுபக்கம் போகவில்லை, உண்மைதான். ஆனால் மேலேயே பரந்து, நுண்முனைப் பேனா தடித்த முனைப் பேனாவைப் போல எழுதியது. அந்த மூன்று நோட்டுகளிலும் இப்போது பென்சிலால் கணக்கு எழுதுகிறேன்.

இதற்கு நேர்மாறான சான்று ஜப்பானின் டொமோயே ரிவர் என்னும் தாள். அதன் மெல்லிய வகையின் எடை 52 ஜிஎஸ்எம் மட்டுமே. கையில் எடுத்தால் வெங்காயச் சருகுபோலச் சலசலக்கும். அவ்வளவு மெல்லிய தாளில், மை தாராளமாக இறங்கி ஈரமாக எழுதும் தடித்த முள்ளைக் கொண்டு எழுதினாலும் கோடு பிசிறில்லாமல் நிற்கிறது. மை மறுபக்கம் ஊறுவதில்லை. கனத்தைவிட, இழைகள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன, மேற்பரப்பு எவ்வளவு நன்றாக மூடப்பட்டிருக்கிறது என்பவையே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மைப்பேனா ஒத்துவராத தாளில் நேரும் குறைகள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது, ஏனெனில் மூன்றும் ஒரே அளவு கெட்டவை அல்ல. மை பக்கவாட்டில் இழையிழையாகப் பிரிந்து ஓடுவதை மை படர்தல் என்று சொல்லலாம். மை தாளைத் துளைத்து மறுபக்கத்தில் பொட்டுப்பொட்டாக வெளிவருவது மை ஊறுதல். மை வெளிவராமல், தாள் மெல்லியதாக இருப்பதால் எழுத்தின் சாயல் மட்டும் பின்னால் தெரிவது நிழல் தட்டுதல். முதல் குறை எழுத்தையே அழிப்பதால் அதை எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. இரண்டாவது, தாளின் ஒரு பக்கத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. மூன்றாவது கண்ணுக்குச் சற்று உறுத்தலாக இருக்குமே தவிர, பழகிவிட்டால் மறந்துபோகும். டொமோயே ரிவரிலும் நிழல் நன்றாகவே தட்டும். அதற்காக அதை ஒதுக்குபவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னவை எல்லா நோட்டுக்கும் பொருந்தும். சட்டைப்பை நோட்டுக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு யாரோ சொல்லும் முகவரியைக் குறித்துக்கொள்கிறீர்கள். பேருந்து வந்துவிட்டது. நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறீர்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், முகவரி எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிப் பதிந்திருக்கிறது. எழுதிய பக்கத்திலோ கதவு எண்ணின் 6 எது, 8 எது என்று தெரியவில்லை. விலை உயர்ந்த, மிக நன்றாகக் கஞ்சி ஏற்றிய தாளில்தான் இது நடக்கும். தாள் மையை உள்ளே விடாததால் மை மேலேயே தேங்கிக் காற்றில் உலர வேண்டியிருக்கிறது. ஈரமாக எழுதும் பேனா என்றால் அதற்கு அரை நிமிடம்கூட ஆகலாம். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக ஆகும். மலிவான தாளில் மை உடனே உலர்ந்துவிடும், ஏனென்றால் அது உலர்வதில்லை, உறிஞ்சப்படுகிறது.

ஆகவே மை படராமை, விரைவில் உலர்தல் ஆகிய இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒன்றை முழுமையாகப் பெற்றால் மற்றதை இழக்க வேண்டியிருக்கும். மேசையில் அமர்ந்து நாட்குறிப்பு எழுதுபவர் காத்திருக்க முடியும் என்பதால் முதலாவதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். நின்றபடியே இரண்டு வரி எழுதி உடனே மூடுபவருக்கு, படராத அளவுக்குக் கஞ்சியும், ஐந்தாறு விநாடியில் உலரும் அளவுக்குத் தாகமும் உள்ள நடுத்தரத் தாளே ஏற்றது. கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் தாளைவிட, விரலால் தடவினால் மிக இலேசாகச் சொரசொரக்கும் தாளில் இந்த நடுநிலை பெரும்பாலும் அமைகிறது.

பேனாவின் முள்ளும் இங்கே துணைசெய்யும். சட்டைப்பை நோட்டுக்கு நுண்முனை முள்ளே பொருத்தம். ஜப்பானியப் பேனாக்களில் நுண்முனை என்று குறிப்பிடப்படுவது, ஐரோப்பியப் பேனாக்களில் அதே பெயரில் வருவதைவிட ஏறத்தாழ ஒரு படி மெல்லியது. கோடு மெல்லியதாக இருந்தால் இறங்கும் மை குறையும். மை குறைந்தால் படர்வதும் குறையும், உலரும் நேரமும் குறையும். தாளை மாற்றாமலேயே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு என் வழி எளியது. எழுதுபொருள் கடையில் மையொற்றும் தாள் ஒன்று வாங்கி, நோட்டின் அளவுக்கு வெட்டி, எழுதும் பக்கத்தில் அடையாளத் தாளாகச் செருகி வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நோட்டை மூடினால் அதுவே ஒற்றிக்கொள்கிறது. தேய்க்காமல் அழுத்த மட்டும் வேண்டும்.

வியர்வையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ சித்திரை மாதத்தில் சட்டைப்பையில் நாள் முழுதும் இருக்கும் நோட்டு ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய தாளில் மை சற்றுக் கூடுதலாகப் படரும். காலையில் சரியாக எழுதிய நோட்டு மாலையில் பிசிறடிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கையின் எண்ணெய்ப்பசை இதற்கு நேர்மாறான தொல்லையைத் தரும். பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிவிட்டால், அங்கே வரும்போது பேனா எழுத மறுத்துக் கோடு விட்டு விட்டுப் போகும். பேனா அடைத்துக்கொண்டது என்று அதைக் கழுவத் தொடங்காமல், அதே பேனாவைப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்து எழுதிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கையின் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்வது போதுமான மருந்து. மெழுகு பூசிய துணி அட்டையோ பிளாஸ்டிக் உறையோ உள்ள நோட்டு, நம் ஊர் வெயிலுக்குக் காகித அட்டை நோட்டைவிட நன்றாகத் தாங்கும்.

அளவைப் பொறுத்தவரை மூன்று பெயர்களை அறிந்திருந்தால் போதும். ஏ6 என்பது 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் உடையது, பி7 என்பது 88-க்கு 125, ஏ7 என்பது 74-க்கு 105. கடவுச்சீட்டின் அளவும் பி7 அளவேதான் என்பதால் அதை மனத்தில் நிறுத்துவது எளிது. சட்டைப்பைக்குப் பி7 தாராளமாகப் பொருந்தும். ஏ6 சில சட்டைகளில் பிதுங்கிக்கொண்டு நிற்கும், குனிந்தால் விழும். உங்கள் சட்டைப்பையை ஒருமுறை அளந்துவிட்டுப் போவது நல்லது. நடுவில் பின் அடித்த மெல்லிய நோட்டும், நூலால் தைத்த நோட்டும் முழுமையாக விரிந்து கொடுக்கும். முதுகில் பசை மட்டும் தடவிய நோட்டு விரியாது. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கும்.

வரிகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் பாக்கெட் நோட்டுகள் பெரும்பாலும் 5 மி.மீ. கட்டங்களோ புள்ளிகளோ கொண்டு வருகின்றன. நம் எழுத்துகளில் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல்விலங்குகள் மேலே எழும். ‘ழு’, ‘ஞு’ போன்றவை கீழே இறங்கும். மெய்யெழுத்துகளின் தலைமேல் புள்ளி உட்கார வேண்டும். 5 மி.மீ. இடைவெளியில் இவை அனைத்தையும் அடக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதிக்கொள்ளும். எனக்கு 6 அல்லது 7 மி.மீ. வரியே இதமாக இருக்கிறது. புள்ளியிட்ட தாள் இன்று மிகவும் விரும்பப்படுகிறது. ஆனால் தமிழுக்கு அதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அச்சிட்ட சாம்பல் நிறப் புள்ளி ஒன்று ‘ப’வின் தலைக்கு மேலே சரியாக வந்து நின்றால், சில மாதங்கள் கழித்துப் படிக்கும்போது அது ‘ப’வா ‘ப்’பா என்று தயங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை தெரியாது. வரியில்லாத வெற்றுத் தாளோ மெல்லிய வரித் தாளோ நமக்குப் பாதுகாப்பானது.

பெயர் சொல்லி வாங்கக்கூடிய நோட்டுகள் எவை என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். பிரான்சின் க்ளேர்ஃபோன்டேன் ஆலை 1858 முதல் இயங்குகிறது. அதன் 90 ஜிஎஸ்எம் தாள் வழவழப்பானது. அதில் மை படர்ந்து நான் பார்த்ததில்லை, ஆனால் உலர நேரம் எடுக்கும். ஆரஞ்சு நிற அட்டை போட்ட ரோடியா பேடுகளில் இருப்பதும் அதே குடும்பத்தின் 80 ஜிஎஸ்எம் தாள். அவற்றில் 11 என்ற எண்ணுள்ளது ஏ7 அளவு. மேற்புறம் புரட்டி எழுதிக் கிழித்துக் கொடுக்க வசதியானது. ஜெர்மனியின் லாய்ஷ்டூர்ம் 1917 பாக்கெட் நோட்டு 80 ஜிஎஸ்எம் தாளுடன், பக்கங்களுக்கு எண் அச்சிட்டு வருகிறது. குறிப்புகளைத் தேடி எடுக்க அந்த எண்கள் பெரிதும் உதவும். ஜப்பானில் மிடோரி என்ற வணிகப்பெயரில் வரும் எம்டி தாள் நான் மேலே சொன்ன நடுநிலைக்கு மிக அருகில் வருகிறது. இலேசான மஞ்சள் சாயலும் இலேசான பிடிமானமும் உள்ள அந்தத் தாளில் ஏ6 நோட்டும் கிடைக்கிறது. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்கச் சொல்வேன். டொமோயே ரிவரைச் சட்டைப்பைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது பொறுமையோடு மேசையில் எழுதுபவரின் தாள்.

இறக்குமதி நோட்டுகளின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும், மளிகைக் கணக்கு எழுத அவ்வளவு விலையில் ஒரு நோட்டா என்று கை தயங்கும். தயங்கி எழுதாமல் வைத்திருக்கும் நோட்டினால் யாருக்கும் பயனில்லை. எனவே உள்ளூர்க் கடையில் சோதித்து வாங்கப் பழகுவதே நல்ல வழி. உங்கள் பேனாவையே எடுத்துச் செல்லுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் எழுதிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் ஒரே ஒரு நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து சோதியுங்கள். பேனாவை ஓரிடத்தில் வைத்து மூன்று விநாடி அசையாமல் பிடித்தால் ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டின் ஓரம் வட்டமாக இருக்கிறதா, முள்முள்ளாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘கண்ணன்’, ‘ஞாயிறு’, ‘ஐயம்’ போன்ற சுழிகள் நிறைந்த சொற்களை உங்கள் வழக்கமான அளவில் எழுதுங்கள். ஒன்று முதல் பத்து வரை மனத்துக்குள் எண்ணி, எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கடைசியாகத் தாளைத் திருப்பிப் பார்த்து, அந்தப் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள். சில தாள்களில் ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் தாகத்தோடும் இருக்கும். ஒரே பெயரில் வரும் நோட்டு அடுத்த ஆண்டு வேறு ஆலையின் தாளில் வரக்கூடும் என்பதால், மறுமுறை வாங்கும்போதும் இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

எழுதுபொருள் கடைகளில் பாண்டு பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் தாளும், கணக்குப் பேரேடுகளுக்குப் பயன்படும் தாளும் மையை நன்றாகத் தாங்கக்கூடியவை. மையால் எழுதுவதற்கென்றே அவை உருவானவை. கரும்புச் சக்கைக் கூழில் செய்த தாளையும் விட்டுவிடாதீர்கள். சக்கையின் இழைகள் ஊசியிலை மரங்களின் இழைகளைவிடக் குட்டையானவை. அவை நெருக்கமாகப் படிந்து தாளை மட்டமாக்குகின்றன. அவ்வகைத் தாள்கள் விலை குறைவாக இருந்தும் மைப்பேனாவுக்கு இணங்குவதை உலகின் பல பகுதிகளில் மைப்பேனா விரும்பிகள் கண்டிருக்கிறார்கள். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் நடத்தும் ஆலை, சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு எழுதுதாளும் அச்சுத்தாளும் செய்வது. நல்ல மூலப்பொருள் நம் வாசலிலேயே இருக்கிறது. அதிலும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

தாள் பிடித்துவிட்டால் நோட்டை நாமே செய்துகொள்ளலாம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஆறு எடுத்துக் குறுக்கே இரண்டாக வெட்டினால் பன்னிரண்டு ஏ5 தாள்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 48 பக்கமுள்ள ஏ6 நோட்டு. எடை 30 கிராம்தான். பழைய மாதக் காலண்டரின் தடித்த தாள் அட்டைக்கு உதவும். மடிப்பில் நடுவே ஒன்றும் மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இட்டு, மெழுகுவர்த்தியில் தேய்த்த தடித்த நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே விட்டு, மேல்துளை வழியே உள்ளே கொண்டுவந்து, உட்புறமாகவே கீழ்த்துளைக்கு இழுத்து வெளியே விட்டு, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே எடுத்து, நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் இரண்டு முனைகளும் வருமாறு வைத்து முடிச்சிட்டால் தையல் முடிந்தது. ஏ4 தாளில் இழைகள் பொதுவாக நீளவாக்கில் ஓடுகின்றன. மேற்சொன்ன முறையில் வெட்டி மடித்தால் மடிப்பும் அதே திசையில் அமைவதால் நோட்டு துருத்திக்கொள்ளாமல் படிந்து மூடும். ஏ4 தாளை வெட்டாமல் அப்படியே மடித்து ஏ5 நோட்டு செய்தால் மடிப்பு இழைகளுக்குக் குறுக்கே விழுந்து, நோட்டு வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். சிறிய நோட்டுக்கு இயற்கையே செய்து கொடுத்த சலுகை இது.

மையைப் பற்றி ஒரே ஒரு செய்தி. சாதாரணச் சாய மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வியர்வையும் மழையும் படும் சட்டைப்பை நோட்டுக்கு அது ஆபத்து. இரும்புச்சத்து மை என்று ஒருவகை உண்டு. பெலிக்கான் 4001 ப்ளூ பிளாக், பிளாட்டினம் ப்ளூ பிளாக் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. ப்ளூ பிளாக் என்ற பெயரில் வரும் எல்லா மையும் அப்படி அல்ல. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கருப்பாகிறதே, அதே வேதியியல்தான் இங்கும் நடக்கிறது: எழுதிய பிறகு காற்றுப் பட்டுக் கருத்து, இழைகளைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் பட்டால் நீலச் சாயம் போனாலும் கருப்புக் கோடு நிற்கும். நடுத்தரத் தாளில் இந்த மை மற்ற மைகளைவிடக் குறைவாகவே படர்கிறது என்பது இன்னொரு நன்மை. இவ்வகை மையை நிரப்பிய பேனாவை எழுதாமல் வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாவது வெறும் தண்ணீரில் நீலம் வடிவது நிற்கும்வரை கழுவிவிட வேண்டும்.